பெயர்த்து நடும் முன்

வருடம் பிறக்கப் போகிறதென்றால் நம் தோட்டங்களில் ஒரு கேள்வியும் கூடவே பிறந்துவிடுகிறது. பீலிக்கரையிலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும், ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும் வேளையிலும் தாய்மார் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர்: "உங்க சின்னவனை இன்னமும் பிள்ளைக் காம்பராவிலயா விட்டு வச்சிருக்கீங்க? டவுன் மொன்டிசோரியில போடலையா?" கேட்டவர் சும்மா கேட்டிருப்பார். கேட்கப்பட்டவருக்கோ அன்றிரவு தூக்கம் வருவதில்லை.

அன்பார்ந்த வாசகரே, மூன்று நான்கு வயதுப் பிள்ளையை ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் சேர்ப்பது ஒழுக்கநெறி பற்றிய கட்டுரைக்குரிய விடயமா என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளை பெறாத சாமிக்கு இதில் என்ன வேலை என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு என்னிடம் பெரிய மறுமொழி இல்லை. முதற் கேள்விக்கு உண்டு. தன் விருப்பம் இன்னதென்று எடுத்துச் சொல்லத் தெரியாத ஒருவருக்காக இன்னொருவர் தீர்மானம் செய்யும் இடமெல்லாம் ஒழுக்கநெறிக்குரிய இடமே. நோயுற்று நினைவிழந்த தகப்பனுக்காக மகன் தீர்மானம் செய்யும்போது அதைப் பாரதூரமான காரியமாகக் கருதுகிறோம். மூன்று வயது மகனுக்காகத் தகப்பன் தீர்மானம் செய்யும்போது மாத்திரம் அதை வான் கூலியும் மாதக் கட்டணமும் சம்பந்தப்பட்ட கணக்காக எண்ணிவிடுகிறோம்.

நம் பாட்டிமார் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. பெரட்டுக்குப் போகுமுன் பிள்ளையை விடுவதற்கு லயத்துக்குப் பக்கத்தில் ஒரு காம்பரா இருந்தது. கூரை மரத்தில் சேலைத் தொட்டில்கள் தொங்கும். மலையேற முடியாமற்போன வயதான ஒருத்தி ஆயம்மாவாக இருப்பாள். அவளிடம் விட்டுவிட்டுத் தாய் மலைக்குப் போவாள். சற்று வளர்ந்த பின் ஓராசிரியர் தோட்டப் பாடசாலை. அதுவும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். வேறு வழி என்று ஒன்று இருந்தாலல்லவா தெரிவு செய்வதற்கு! 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றபோது, தொழிலாளரின் வீடு, சுகாதாரம், பிள்ளைப் பராமரிப்பு ஆகியவற்றைக் கவனிக்க ஓர் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று இன்று அறியப்படுவது அதுவே. பிள்ளைக் காம்பராவின் பெயர்ப்பலகையும் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று மாறியது. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தனர். சுவரிலே படங்கள் ஏறின. ஆயினும் பசறையிலும் லுணுகலையிலும் தெமோதரையிலும் நம் சனங்களின் வாயில் அது இன்றைக்கும் பிள்ளைக் காம்பராவாகவே இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. வந்த வினையில் பாதி அந்த வெட்கத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சட்டமும் இதில் தாய் தகப்பனுக்குத் துணை வருவதில்லை. 5 வயது முதல் 14 வயது வரை பிள்ளை கட்டாயம் பாடசாலை செல்லவேண்டும் என்ற விதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. 5 வயதுக்குக் கீழே சட்டம் வாய் திறப்பதில்லை. எங்கே விடுவது, எப்போது விடுவது, எப்போது எடுப்பது என்ற முழுப் பாரமும் பெற்றோரின் மனச்சாட்சியின் மேல் விழுகிறது.

இனி அந்த மொன்டிசோரி என்ற பெயரைச் சற்றுப் பார்ப்போம். பதுளை நகரிலும் பண்டாரவளையிலும் ஹாலி-எலவிலும் பெயர்ப்பலகைகளில் அதைக் காண்கிறோம். சீருடை, கழுத்துப்பட்டி, ஆங்கிலப் பாட்டு, வருடக் கடைசியில் மேடை நிகழ்ச்சி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டதாக நம் தாய்மார் நினைக்கின்றனர். மரியா மொன்டிசோரி என்ற இத்தாலிய வைத்தியர் தமது முதலாவது பாலர் இல்லத்தை 1907 ஜனவரி 6ஆம் திகதி திறந்தார். எங்கே திறந்தார்? உரோமை நகரில் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயதை எட்டாத சிறுவர்கள் பார்ப்பாரின்றிப் படிக்கட்டுகளிலும் சுவர்களிலும் கைவரிசையைக் காட்டுவார்கள். கட்டிடத்தின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் சுவரைப் பற்றிய கவலை. பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள்; அந்த அம்மையார் போய்ச் சேர்ந்தார். வாசகரே, கவனித்தீர்களா? முதல் மொன்டிசோரி ஒரு பிள்ளைக் காம்பராதான். லயத்துப் பிள்ளைகளுக்காக, லயத்துக்குள்ளேயே திறக்கப்பட்டது.

அவர் 1939இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பின் பேரில் சென்னை அடையாறுக்கு வந்தார். மறு வருடம் இத்தாலி போரில் இறங்கவே, எதிரி நாட்டவர் என்ற கட்டுப்பாட்டுக்குள் சிக்கிக் கொடைக்கானலில் தங்க நேரிட்டது. போர் முடிந்து 1946இலேயே ஐரோப்பா திரும்பினார். இந்த வருடங்களில் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டின் மண்ணில் கழித்த அவர் கற்பித்த முறையில் முக்கியமான ஒன்று உண்டு. 3 வயது முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரே அறையில், ஒரே ஆசிரியையின் கீழ், மூன்று வருடங்கள் சேர்ந்திருக்க வேண்டும். சின்னவன் பெரியவனைப் பார்த்துக் கற்பான். பெரியவன் சின்னவனுக்குக் காட்டிக் கொடுத்துத் தான் கற்பான். இடையில் பிடுங்கி எடுப்பது அந்த முறைக்கே முரணானது. எவரும் தமது பாலர் பள்ளிக்கு அவருடைய பெயரைச் சூட்டிக்கொள்ளலாம். அதைத் தடுப்பார் இல்லை. ஆகவே பெயர்ப்பலகையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் வாங்கில் வரிசையாக அமர்த்தப்பட்டு எழுத்துக்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது மொன்டிசோரி அன்று. தோட்டத்துச் சிறுவர் நிலையத்தில் பிள்ளைகள் களிமண்ணில் ரொட்டி தட்டிக் கடை வைத்து விளையாடிக்கொண்டிருந்தால், அந்த அம்மையார் அங்கேதான் போய் உட்காருவார்.

இப்படிச் சொல்வதால், தோட்டத்து நிலையங்கள் எல்லாம் நல்லவை, நகரத்தவை எல்லாம் பகட்டு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளையைக் கட்டாயம் எடுக்கவேண்டிய காரணங்கள் உண்டு. கை நீட்டி அடிக்கும் இடத்தில் பிள்ளையை விட்டுவைக்கக் கூடாது. அடித்துத் திருத்துவது நம் வழக்கம்தானே என்று சமாதானம் சொல்லவும் கூடாது. அழுக்கு, கவனமின்மை, நாள் முழுதும் பாயில் படுக்க வைத்துவிடுவது, ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளுக்கு முன் இழிவாகப் பேசுவது ஆகிய இவற்றைக் கண்டால் வருடம் முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். "சேர்க்கும்போது காசு கட்டிவிட்டோமே" என்று ஒரு தகப்பன் சொன்னால், கட்டிய காசு போனது போனதுதான் என்றும், அதை மீட்க வழி அந்தப் பிள்ளையின் அழுகை அன்று என்றும் அவருக்குச் சொல்ல வேண்டும். இருந்த இடத்திலேயே இருப்பது ஒரு புண்ணியம் அன்று. மாற்றம் நம் கையில் இல்லாத வேளைகளும் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, எஞ்சிய பிள்ளைகள் வீட்டையும் விளையாடிய முற்றத்தையும் ஒரே காலையில் இழந்து முகாம்களுக்குப் போனார்கள். அங்கே எவரையும் தெரிவு பற்றிக் கேட்பதற்கில்லை.

நான் பேச வந்தது இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சாதாரணக் குடும்பத்தைப் பற்றி. பிள்ளை ஒழுங்காகப் போகிறான். ஆயம்மாவின் மடியில் ஏறுகிறான். அங்கே அவனுக்கு இரண்டு கூட்டாளிகள் இருக்கிறார்கள். இருந்தும் மாற்ற வேண்டும் என்று வீட்டில் ஓர் அரிப்பு. எதற்காக?

"இங்கிலிஷுக்காக, சாமி" என்பது முதல் விடை. வாழ்க்கைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுக்க நான் யார்? ஆயினும் சற்றுத் தோண்டிப் பாருங்கள். சொல்லும் காரணத்துக்குக் கீழே சொல்லாத காரணம் ஒன்று பல வேளைகளில் இருக்கிறது. கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளை வானில் போகிறது. நம் பிள்ளை நடந்து பிள்ளைக் காம்பராவுக்குப் போவதா? இது ஒன்று. இதைவிடக் கசப்பானது மற்றொன்று: "அந்த லயத்துப் பிள்ளைகளோடு நம்ம பிள்ளை ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறதே." அது எந்த லயம், ஏன் அந்த லயம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே பலிபீடத்தண்டை வந்து ஒரே அப்பத்தை உண்பவர்கள், மூன்று வயதுப் பிள்ளையின் கஞ்சிக் கோப்பையில் சாதி பார்ப்பதைப் பற்றி இங்கே நீட்டி எழுத மாட்டேன். அது காரணமென்றால் அந்த மாற்றம் தவறு. வேறு எந்த நன்மை கூடவே வந்தாலும் தவறு. பிள்ளைக்கு அது முதலாவது பாடமாகிவிடுகிறது. எந்த ஆசிரியையும் அவ்வளவு ஆழமாக ஒரு பாடத்தைப் பதிக்க மாட்டார்.

மொழியின் காரணமாகவும் மாற்றுகின்றனர். பக்கத்துக் கிராமத்தில் சிங்கள முன்பள்ளி இருக்கிறது. அங்கே போட்டால் பிள்ளை நாளைக்குக் கச்சேரியிலும் பஸ்ஸிலும் தடுமாறமாட்டான் என்கின்றனர். நல்ல எண்ணமே. சின்ன வயதில் இரு மொழி கேட்டு வளர்வது பிள்ளைக்கு இலாபமும்கூட. கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஐந்து வயது நிறைந்ததும் முதலாம் தரத்துக்கு இந்தப் பிள்ளை எங்கே போகப் போகிறான்? தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலைக்குத்தான் என்றால், நாலு வயதில் கூட்டாளிகளை விட்டுப் பிரித்து, வேறு மொழியில் ஒரு வருடம் திகைக்க வைத்து, மறுபடி அங்கிருந்தும் பிரித்து, விட்டுப்போன அதே கூட்டாளிகளிடம் புதியவனாகக் கொண்டுவந்து சேர்க்கப் போகிறீர்கள். இரண்டு வருடத்துக்குள் இரண்டு முறை வேர் அறுபடும். முதலாம் தரத்தையும் அதே மொழியில் தொடரத் தீர்மானித்திருந்தால் அது வேறு விடயம். அப்போது காரணமும் வேறு, பொறுப்பும் வேறு.

எவரும் எண்ணிப் பாராத இன்னொருவர் இந்தக் கணக்கில் இருக்கிறார். தோட்டத்துச் சிறுவர் நிலையம் தாய் மலையிலிருந்து திரும்பும் வரை பிள்ளையை வைத்திருக்கிறது. நகரத்து முன்பள்ளியோ மத்தியானத்துக்குள் விட்டுவிடும். வானில் வந்து இறங்கும் பிள்ளையை யார் வாங்குவது? தாய் அரைப் பேரோடு இறங்கி வந்தால் சம்பளம் குறையும். பிறகு மாதக் கட்டணம் எங்கிருந்து வரும்? பாட்டி இருந்தால் நல்லது. பாட்டி இல்லாத வீட்டில், பதினொரு பன்னிரண்டு வயது அக்காள் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் பாடசாலைக்குப் போகாமல் நிற்கத் தொடங்குகிறாள். தம்பி ஆங்கிலப் பாட்டுப் பாடுகிறான். அக்காள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறாள். சட்டம் அவளைப் பதினாறு வயது வரை பாடசாலையில் இருக்கச் சொல்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பிள்ளையின் முன்னேற்றத்துக்காக இன்னொரு பிள்ளையிடம், அதுவும் கேட்காமலே, கடன் வாங்க எந்தப் பெற்றோருக்கும் உரிமை இல்லை. மாற்றம் பற்றி நினைக்கும் வீடுகள் முதலில் இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டு மற்றதைப் பேசட்டும்.

இவ்வளவும் கேட்ட பின் ஒரு தகப்பன் சொல்வார்: "என் பிள்ளை, என் இஷ்டம்." இங்கேதான் நம் கேள்வியின் அடித்தளம் இருக்கிறது. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசான்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் திகதிய ஏட்டில் அறிவித்தது. திருச்சபை அந்த உரிமைக்காகப் பல நாடுகளில் போராடியும் இருக்கிறது. ஆனால் அது எவ்வகை உரிமை? பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் வேறொரு வழக்கை ஆராயும்போது இதைத் தொட்டார். கிறிஸ்தவர் அல்லாதோரின் குழந்தைகளுக்குப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகத் திருமுழுக்குக் கொடுக்கலாமா என்பது வழக்கு. கூடாது என்றார் அவர். கருவில் இருக்கும் சிசு தாயின் உடலுக்குள் அடங்கியிருப்பதைப் போல, பிறந்த பின்னும் பகுத்தறிவு முதிரும் வரை பிள்ளை பெற்றோரின் பராமரிப்பாகிய இன்னொரு கருவறைக்குள் இருக்கிறது. அதிலிருந்து பறிப்பது நீதிக்கு விரோதம் என்பது அவருடைய நியாயம்.

பெற்றோரின் உரிமைக்கு இதைவிடப் பலமான அரண் இல்லை. அதே உவமை அந்த உரிமைக்கு எல்லையும் போடுகிறது. கருவறை தனக்காகச் சிசுவைச் சுமப்பதில்லை. தன் மதிப்பு உயரவேண்டும் என்று அதைப் பிடித்து வைப்பதுமில்லை, தள்ளி விடுவதுமில்லை. பிள்ளையின் வளர்ச்சி ஒன்றே அதன் அளவுகோல். ஆகவே "என் பிள்ளை" என்பது "என் சைக்கிள்" என்பதைப் போன்றதன்று. இன்னொருவருடைய பொருளைக் கையில் வைத்திருப்பவர் எப்படி நடப்பாரோ அப்படி நடக்க வேண்டும். அந்த இன்னொருவர் யார்? இருபது வருடத்துக்குப் பின் உங்கள் எதிரே நிற்கப் போகும் அதே பிள்ளை.

"நின்றாலும் அவனுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கவா போகிறது?" என்பது அடுத்த வாதம். இது கேட்பதற்கு நியாயமாகவே தொனிக்கிறது. மூன்று வயதுக்கு முற்பட்டவற்றைப் பெரியவர்களாகிய நாம் அநேகமாக நினைவுகூர்வதில்லை. மனோதத்துவ அறிஞர்களும் அதை ஒத்துக்கொள்கின்றனர். ஆனால் இந்த வாதத்தை அதன் வழியிலேயே கொஞ்சத் தூரம் நடத்திப் பாருங்கள். ஞாபகம் இராது என்பதால் பிரிவின் துயர் பொருட்டன்று என்றால், ஞாபகம் இராது என்பதால் தாலாட்டும் பொருட்டன்று, முத்தமும் பொருட்டன்று, இரவு முழுக்கக் காய்ச்சலில் தூக்கிவைத்திருந்ததும் வீண். எந்தத் தாயும் இதை ஒப்பமாட்டாள். பிள்ளை அழும்போது அழுகிறது. அந்த வேளையில் அந்தத் துயரம் முழுமையானது. நாளைக்கு அதை மறந்துவிடுவது இன்றைய அழுகையைச் சிறிதாக்குவதில்லை. மறந்துவிடும் என்று தெரிந்தே நோயாளிக்கு வலி கொடுக்கும் வைத்தியரை நாம் நல்லவர் என்று சொல்வதில்லையே.

மேலும், பிள்ளை அழாதிருப்பதும் பலமுறை நம்மை ஏமாற்றிவிடும். 1952இல் இலண்டனில் ஜேம்ஸ் ரொபட்சன் என்பவர் ஒரு திரைப்படம் எடுத்தார். இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி சிறிய சத்திர சிகிச்சைக்காக எட்டு நாட்கள் ஆஸ்பத்திரியில் தங்குகிறாள். தாய் உடன் இருக்க அக்கால ஆஸ்பத்திரிகள் அனுமதிப்பதில்லை. பெரிதாக அழுது புரளாத பிள்ளை அவள். ஆனால் படத்தைப் பார்ப்பவர்கள் அவள் முகம் நாளுக்கு நாள் எப்படி மூடிக்கொள்கிறது என்பதைக் காண்கிறார்கள். முதலில் எதிர்ப்பு, பின்னர் நம்பிக்கையிழப்பு, அதன் பின்னர் ஒட்டாமை என்று அவர் அதற்குப் பெயர்கள் கொடுத்தார். தாதியர் "பழகிவிட்டாள்" என்று எண்ணிய அமைதியின் கீழே இருந்தது அதுவே. அவருடன் வேலை செய்த ஜோன் பௌல்பி, முந்திய வருடமே உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு எழுதிய அறிக்கையில், சின்னஞ்சிறு பிள்ளையின் மனநலம் அன்புடன் நிலைத்திருக்கும் ஒருவரைச் சார்ந்திருக்கிறது என்று வாதாடினார். ஆஸ்பத்திரியும் முன்பள்ளியும் ஒன்றல்ல. இங்கே பிள்ளை பொழுதுசாயத் தாயிடம் திரும்புகிறது. வேற்றுமை பெரிது. ஆயினும் நம் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் கைக்குழந்தையாய் இருந்த நாள் முதல் பகல் முழுவதையும் ஒரே ஆயம்மாவின் கையில் கழித்தவர்கள். அவள் அவர்களுக்கு ஏறக்குறைய இன்னொரு தாய். அவளை விட்டுப் பிரிப்பது, ஒரு பள்ளியை விட்டு இன்னொரு பள்ளிக்கு மாற்றுவது மாத்திரம் அன்று. அதனால் மாற்றவே கூடாது என்று ஆகிவிடாது. விலை என்ன என்பதை அறிந்துகொண்டு மாற்றுங்கள் என்கிறேன்.

பிள்ளையையே கேட்கலாமா? 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டு, 1991இல் நம் நாடும் உறுதிப்படுத்திய சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை, பிள்ளையைப் பாதிக்கும் காரியங்களில் அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதன் கருத்துக்கு மதிப்பளிக்கச் சொல்கிறது. 2005இல் அந்த உடன்படிக்கையின் குழு, பேச்சு வருமுன்பே சிறுபிள்ளைகள் தம் எண்ணத்தைப் பல வழிகளில் வெளியிடுகின்றனர் என்பதை எடுத்துக் காட்டியது. இது நம் பாட்டிமாருக்குத் தெரியாத புதுச் செய்தி அன்று. நாலு வயதுப் பிள்ளையை நிறுத்தி வைத்து "உனக்கு எது விருப்பம்?" என்று கேட்டால் முன்தினம் யார் டொபி கொடுத்தாரோ அவர் பேரைச் சொல்லும். அப்படிக் கேட்பதில் அர்த்தமில்லை. ஆனால் வீட்டில் டீச்சர் விளையாட்டு விளையாடும்போது அந்த டீச்சர் பிரம்பு வைத்திருக்கிறாரா, தலையைத் தடவுகிறாரா என்று கவனியுங்கள். திங்கட்கிழமை காலையில் மாத்திரம் வயிற்றுவலி வருகிறதா? நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கியதா? காலையில் வாசல் வரை ஓடிப்போய் அங்கே நின்றுவிடுகிறானா, உள்ளே ஓடுகிறானா? இவையெல்லாம் வாக்குமூலங்கள். மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்பும் மாற்றிய பின் இரண்டு மாதமும் இவற்றைப் பார்த்துவந்தால், எந்த அறிஞரும் உங்களுக்குச் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிவீர்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் வீட்டில் அதே மாதம் முன்பள்ளியையும் மாற்றாதீர்கள். ஒரு கையை விட்டபின் மறு கையையும் உதறக் கூடாது.

தேயிலைக் கன்றை நாற்றுமேடையிலிருந்து மலைக்குக் கொண்டுபோகும் விதம் உங்களுக்குத் தெரியாததா? நிழல் கூரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வெயிலுக்குப் பழக்குகிறோம். மழைக்காலம் பார்க்கிறோம். வேரைச் சுற்றிய மண் உதிராமல் தூக்கிப்போய் வைக்கிறோம். ஒரு கன்றுக்கு இவ்வளவு செய்யத் தெரிந்த கைகளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை.

மாற்றிய பிறகு எஞ்சியிருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் ஒரு நூல் எழுதினார். நைஜீரியாவின் ரயில் சேவை ஏன் திருந்தவே இல்லை என்ற கேள்வி அவரை அதற்குத் தூண்டியது. லொறிகள் வந்தபின், குறைகண்டு சத்தம் போடக்கூடிய வாடிக்கையாளர் முதலில் லொறிக்குப் போய்விட்டார்கள்; எஞ்சியவர்கள் சத்தம் போடத் தெரியாதவர்கள்; ஆகவே ரயில் அப்படியே கிடந்தது. பாடசாலைகளிலும் இதுவே நடக்கும் என்றார். நம் சிறுவர் நிலையங்களைப் பாருங்கள். கழிவறைக் கதவு உடைந்தால் துரையிடம் போய்க் கேட்கத் துணிவுள்ள தகப்பன் யார்? கங்காணியோ கணக்கப்பிள்ளையோ கடை வைத்திருப்பவரோதான். அவருடைய பிள்ளை டவுனுக்குப் போய்விட்டால் அந்தக் கதவு உடைந்தபடியே கிடக்கும். போகிறவர் போக, பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைய, "நாலு பிள்ளைக்கு எதற்கு ஒரு நிலையம்" என்ற பேச்சும் மெல்லக் கிளம்பும்.

அதற்காக உங்கள் பிள்ளையைப் பணயம் வைத்து நிலையத்தைக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். பொதுநன்மை பெரியவர்களின் கடமை; அதை மூன்று வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றக் கூடாது. ஆனால் போகுமுன் பேசுங்கள். என்ன குறை கண்டீர்கள் என்பதை ஆயம்மாவிடமும் உத்தியோகத்தரிடமும் மரியாதையாகச் சொல்லுங்கள். அநேக வேளைகளில் அந்தக் குறையை எவரும் அவர்களிடம் சொன்னதே இல்லை. சொன்னபின் திருந்திவிட்டால் போகவேண்டிய தேவையே இராது. திருந்தாவிட்டால், போன பின்னும் தோட்டக் கமிட்டியில் உங்கள் குரல் இருக்கட்டும். பிள்ளையை எடுத்துவிட்டேன், இனி எனக்கென்ன என்பது சரியன்று. மருமகளோ தங்கையோ தன் பிள்ளையை நாளைக்கு அங்கேதான் விடுவாள்.

இனி அந்த நாள். இங்கே ஒரு பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். புதிய இடத்தின் வாசலில் பிள்ளையை விளையாட்டுப் பொருளைக் காட்டித் திசை திருப்பிவிட்டு, "கடைக்குப் போயிட்டு இப்ப வந்திடுறேன்" என்று சொல்லித் தாய் பின்பக்கமாக நழுவிவிடுகிறாள். எல்லாரும் செய்கிறார்கள், ஆசிரியைகளே அப்படிச் செய்யச் சொல்கிறார்கள். புனித அகுஸ்தினார் ஏறக்குறைய 395ஆம் ஆண்டில் பொய்யைப் பற்றி ஒரு நூலே எழுதி, எந்த நல்ல நோக்கத்துக்காகவும் பொய் ஆகாது என்று வாதாடினார். அவருடைய கண்டிப்பை எல்லா இடத்திலும் பின்பற்ற முடியுமா என்பது அறிஞர்களுக்குள் தீராத விவாதம். இந்த வாசலில் மட்டும் அவர் சொன்னது சரியென்றே எனக்குப் படுகிறது. பிள்ளைக்குப் புது இடம், புது முகங்கள், புது மணம். தெரிந்தது ஒன்றே ஒன்று, அம்மாவின் சொல். அந்த ஒன்றையும் அன்றைக்கே பொய்யாக்கிவிட்டால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பான்? "நான் போகிறேன். கஞ்சி குடித்து, பாட்டுப் பாடி முடிந்ததும் பாட்டி வந்து கூட்டிப் போவாள்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அழுவான். அழட்டும். சொன்ன வேளைக்குப் பாட்டி வந்து நிற்கட்டும். முதல் வாரத்தில் பாட்டி பத்து நிமிடம் பிந்தினாலும் அவனுக்கு அது ஒரு யுகம்.

பழைய இடத்திலும் சொல்லிக்கொண்டு வாருங்கள். ஒரு வெள்ளிக்கிழமை வரை வந்த பிள்ளை, திங்கட்கிழமை காரணம் தெரியாமல் மறைந்துவிடுவது ஆயம்மாவுக்கும் நோகும். கூட்டாளிப் பிள்ளைகளுக்கும் நோகும். "நாளையிலிருந்து தம்பி வரமாட்டான், பதுளைக்குப் போறான்" என்று அவர்களுக்கும் தெரியட்டும். ஒரு பக்கற் பிஸ்கட் வாங்கிப் போய் எல்லாருக்கும் அவன் கையாலேயே கொடுக்கட்டும். ஒரு மாதம் கழித்து, தோட்டத்தில் வேலையுள்ள ஒரு சனிக்கிழமை பார்த்து, அவனை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஆயம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளக் கூடும். அவன் வெட்கப்பட்டு உங்கள் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளவும் கூடும். அவசரப்படுத்தாமல் கொஞ்ச நேரம் அங்கே இருந்துவிட்டு வாருங்கள்.